பன்னிரண்டு நாளில் ஆறு நகரமா?

கேள்வி: கல்யாணத்துக்கு முன்பு ஹம்பி, லடாக், இலங்கை என்று சுற்றியவள் நான். இப்போது மகளுக்கு 9 வயது, மகனுக்கு 4. வருகிற மே மாதம் 12 நாள் விடுப்பில் நான்கு பேரும் ஐரோப்பா போக நினைக்கிறோம். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ப்ராக், வியன்னா, வெனிஸ், ரோம் என்று பட்டியல் போட்டு வைத்திருக்கிறேன். “இவ்வளவு காசு போட்டுப் போய் ரெண்டு ஊரை மட்டும் பார்த்துட்டு வர்றதா?” என்கிறார் கணவர். “சின்னவனுக்கு ஒண்ணும் ஞாபகம் இருக்காது, அந்தக் காசுக்கு நகை வாங்கலாம்” என்கிறார் மாமியார். வீட்டில் சைவம்தான், முட்டை மட்டும் உண்டு. இந்தப் பட்டியல் சரிப்படுமா? இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். பிள்ளைகளோடு போனால் எனக்கென்று ஏதாவது மிஞ்சுமா, இல்லை இங்கே செய்கிற வேலையையே அங்கேயும் போய்ச் செய்துகொண்டிருப்பேனா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: சரிப்படாது. ஆறு ஊர் என்றால் நடுவில் ஐந்து முறை ஊர் மாற வேண்டும். ஊர் மாறும் நாள் எப்படிக் கழியும் என்று கணக்குப் போடுங்கள். காலை பத்து, பதினொரு மணிக்கு அறையைக் காலி செய்யச் சொல்வார்கள்; அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் சாவி கிடைக்கும். நடுவில் பெட்டிகள், ரயில் நிலையம், தூங்கி வழியும் நாலு வயதுப் பையன், “இன்னும் எவ்வளவு நேரம்?” என்று கேட்டுக்கொண்டே வரும் மகள். பன்னிரண்டில் ஐந்து நாள் இப்படியே போய்விடும். விமானத்தில் போகும் நேரத்தையும் கழித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? உங்கள் கணவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். காசு வீணாவது ஆறு ஊர்த் திட்டத்தில்தான்.

என் யோசனை: வியன்னாவில் ஆறு இரவு, புடாபெஸ்டில் நான்கு இரவு. வியன்னாவில் போய் இறங்கி, புடாபெஸ்டிலிருந்து ஊர் திரும்புங்கள். டிக்கெட் போடும்போது ‘மல்டி சிட்டி’ என்று தேடினால், போன வழியே திரும்பி வரும் வீண் அலைச்சல் மிச்சம். இரண்டு ஊருக்கும் நடுவே ஆஸ்திரிய ரயில்வேயின் ரெயில்ஜெட் வண்டியில் ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம். ஆறு வயதுக்குள் டிக்கெட் கிடையாது, மகளுக்குப் பாதிக் கட்டணம். குடும்பங்களுக்கென்றே ஒதுக்கிய பகுதியில் சிறுவர் படம் ஓடும் திரை இருக்கும். அந்தப் பகுதியில் இருக்கை கேட்டு முன்பதிவு செய்யுங்கள்.

‘பாரிஸ் இல்லாத ஐரோப்பாவா?’ என்று மனசு கிடந்து அடித்துக்கொள்ளும். பாரிஸ் எங்கும் ஓடிவிடாது. அங்கே பழைய மெட்ரோ நிலையங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது. தூங்கிப்போன பையனையும் தள்ளுவண்டியையும் தூக்கிக்கொண்டு படி ஏறுவதற்குள் நீங்கள் ஓய்ந்துவிடுவீர்கள். வெனிஸில் நானூறுக்கும் மேல் பாலங்கள், பெரும்பாலும் படிக்கட்டுகள். கருங்கல் பாவிய ரோம் தெருக்களில் தள்ளுவண்டிச் சக்கரம் என்ன பாடு படும் என்பதைச் சொல்லவே வேண்டாம். பையனுக்கு எட்டு வயதானதும் இந்த மூன்றுக்கும் போங்கள். வியன்னாவில் சுரங்க ரயில் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு. டிக்கெட்டைச் சோதிக்கும் தடுப்புக் கதவு கிடையாது; முத்திரை குத்திக்கொண்டு நேரே உள்ளே போகலாம். பையனுக்குப் பயணம் இலவசம். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஆல்ப்ஸ் மலை ஊற்றிலிருந்து 1873-லேயே கால்வாய் கட்டிக் கொண்டுவந்த தண்ணீர் அது. பாட்டில் தண்ணீருக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தினமும் கட்டணம் கட்டிப் பார்க்கும் இடம் ஒன்றே ஒன்று. அதுவும் காலையில். மாலையில் பூங்கா, ஆற்றங்கரை, விளையாட்டுத் திடல். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் சொல்லும் ஒரே சட்டம் இதுதான். மற்றதெல்லாம் உங்கள் விருப்பம்.

ஷோன்ப்ரூன் அரண்மனைக்கு ஒரு நாள் முழுவதும் ஒதுக்குங்கள். அந்த வளாகத்தில் இருக்கும் விலங்குக் காட்சி சாலை 1752-இல் தொடங்கியது. தொடர்ந்து நடந்துவரும் காட்சி சாலைகளில் உலகிலேயே பழையது அதுதான். பாண்டாக்கள் உண்டு. அரண்மனையின் அறை அறையாகப் பெரியவர்கள் சுற்றும் சுற்றுலாவை விட்டுவிட்டு, குழந்தைகளுக்கான அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ராஜகுமாரி உடை போட்டுப் பார்க்கத் தருவார்கள். உங்கள் மகள் லேசில் வெளியே வரமாட்டாள். இன்னொரு மாலை ப்ராட்டர் கேளிக்கைப் பூங்கா. உள்ளே நுழையக் கட்டணம் இல்லை, ஏறும் ராட்டினத்துக்கு மட்டும் காசு. 1897-இல் நிறுவிய ராட்சத ராட்டினம் இன்றும் சுற்றுகிறது. பையனுக்கு அதைவிட லிலிபுட் என்ற குட்டி ரயில்தான் பிடிக்கும். டான்யூப் நதித் தீவில் இருக்கும் தண்ணீர் விளையாட்டுத் திடலுக்குக் கட்டணமே கிடையாது. மாற்றுத் துணி எடுத்துப் போக மறக்காதீர்கள்.

அருங்காட்சியகம் என்றாலே குழந்தைகள் சிணுங்குவார்கள் என்று நினைக்க வேண்டாம். வியன்னாவில் மரியா தெரசா சதுக்கத்தில் இரண்டு மாளிகைகள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், மற்றது கலை வரலாற்று அருங்காட்சியகம். இரண்டிலும் 19 வயது ஆகாதவர்களுக்குக் கட்டணம் இல்லை. முன்னதற்குச் செவ்வாய் விடுமுறை, பின்னதற்கு மே மாதத்தில் திங்கள். நாளைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

முன்னதில் தலையை ஆட்டி உறுமும் டைனோசர் பொம்மை இருக்கிறது. பையன் பயந்தாலும் பயப்படுவான், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வந்தது பின்னதைப் பற்றி. பீட்டர் ப்ரூகல் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஓவியரின் படங்கள் உலகிலேயே அதிகமாக இருப்பது அங்கேதான். அவற்றில் ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ என்று ஒன்று, 1560-இல் வரைந்தது. ஒரு ஊர்ச் சதுக்கம் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகள். இடது கீழ் மூலையில் இரண்டு பேர் உட்கார்ந்து எலும்புத் துண்டுகளை வீசிப் பிடித்து விளையாடுகிறார்கள். கல்லுக்குப் பதில் ஆட்டு எலும்பு, அவ்வளவுதான். ஆட்டம் நம்ம ஊர் அஞ்சாங்கல்லே. கீழே முன்பக்கத்தில் இரண்டு பையன்கள் குச்சியால் தட்டி வளையம் ஓட்டுகிறார்கள். வரிசையாகக் குனிந்து நிற்பவர்கள் மேல் தாண்டும் பச்சைக்குதிரை இருக்கிறது, கண்ணைக் கட்டி விளையாடுகிறார்கள், பம்பரம் விடுகிறார்கள், மரக்கால் கட்டி நடக்கிறார்கள். போவதற்கு முன்னால் திருச்சியில் வைத்தே ஒரு பட்டியல் எழுதி மகள் கையில் கொடுங்கள்: அஞ்சாங்கல், பச்சைக்குதிரை, பம்பரம், கண்கட்டி. படத்தின் முன்னால் அவள் ஒவ்வொன்றாகத் தேடட்டும். அருகே போய் விரலை நீட்டினால் காவலர் அதட்டுவார். அதை மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். அதே ஓவியர் 1565-இல் வரைந்த பனிக்கால வேட்டைக்காரர்கள் படமும் அங்கேதான் இருக்கிறது. அதன் முன்னால் நீங்கள் நிற்க வேண்டிய நேரம் அது. இப்படி நான்கைந்து படங்கள் போதும். அந்த மாளிகை முழுவதையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று கிளம்பினால் அன்றைய நாள் பாழ்.

இது உங்கள் கடைசிக் கேள்விக்குக் கொண்டுவந்து விடுகிறது. மிஞ்சும், ஆனால் தானாக மிஞ்சாது. கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொண்டால்தான் மிஞ்சும். வியன்னாவில் ஒரு மாலை முழுக்க உங்களுடையது, ஒரு மாலை உங்கள் கணவருடையது. எந்த நாள் என்பதை இங்கேயே காலண்டரில் எழுதிவிடுங்கள். அங்கே போய் “நேரம் கிடைத்தால் பார்க்கலாம்” என்றால் அந்த நேரம் வரவே வராது. உங்கள் மாலைக்கு என் சிபாரிசு வியன்னா ஸ்டேட் ஆப்பரா. உட்கார்ந்து பார்க்கும் இருக்கைகளின் விலை மலைக்க வைக்கும். நின்று பார்ப்பதற்கென்று தனியாக மலிவு டிக்கெட்டுகள் விற்கிறார்கள். ஆப்பராப் பருவம் செப்டம்பர் முதல் ஜூன் வரை என்பதால் மே மாதத்தில் நிச்சயம் நிகழ்ச்சி இருக்கும். இசை நாட்டம் இல்லையா? ஒரு காபி ஹவுஸுக்குப் போய் ‘மெலாஞ்ச்’ ஒன்று வாங்கிக்கொண்டு புத்தகத்தோடு உட்காருங்கள். கூடவே ஒரு கிளாஸ் தண்ணீர் வைப்பார்கள். மூன்று மணி நேரம் இருந்தாலும் யாரும் எழுப்பமாட்டார்கள். பிள்ளைகளை அப்பா பார்த்துக்கொள்ளட்டும், ஒன்றும் ஆகிவிடாது.

மாமியார் சொல்வதில் பாதி நிஜம். நாலு வயதில் பார்த்தது பையனுக்கு நினைவில் நிற்காது. ஆனால் மகளுக்கு நிற்கும், உங்கள் இருவருக்கும் நிற்கும். இது அவன் ஒருவனுக்காகப் போகும் பயணம் இல்லையே.

சாப்பாட்டுக்கு வழி, சமையலறை உள்ள அபார்ட்மென்ட். பதிவு செய்யும்போது லிஃப்ட் இருக்கிறதா என்று கேளுங்கள். பழைய கட்டடங்களில் நான்காவது மாடிக்குப் படியில் ஏற வேண்டி வரும். அரிசி, தயிர், காய்கறி எல்லாச் சூப்பர் மார்க்கெட்டிலும் கிடைக்கும். பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாயைப் பெட்டியில் வைத்துக்கொள்ளலாம். நெய், பன்னீர், பால்கோவா கூடாது. பால் பொருட்களும் இறைச்சியும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும்கூட உரிய சான்றிதழ் இல்லாமல் போகாது. வேடிக்கை என்னவென்றால் வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டூரியன் ஆகிய ஐந்துக்கும் அந்தச் சான்றிதழ் தேவையில்லை. தேங்காய் கொண்டுபோகலாம், கறிவேப்பிலை கொண்டுபோகக் கூடாது!

வெளியில் சாப்பிட்டால் கைசர்ஷ்மார்ன் என்ற பிய்த்துப் போட்ட தித்திப்பு ஆம்லெட்டைப் பிள்ளைகள் விடமாட்டார்கள். நீங்கள் முட்டை சாப்பிடுவீர்கள் என்பதால் கவலை இல்லை. சூப்பில் காய்கறி மட்டும் மிதந்தாலும் இறைச்சி வேகவைத்த நீரில் செய்திருக்கலாம், கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆஸ்திரியாவில் ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கே ஷட்டரை இறக்கிவிடுவார்கள். பாலும் தயிரும் அதற்குள் வாங்கிவிடுங்கள். மறந்துவிட்டால் பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைதான் கதி.

புடாபெஸ்டுக்கு அதிகம் திட்டம் வேண்டாம். வியன்னா முடியும்போது எல்லோரும் களைத்திருப்பீர்கள். ஒரு காலை மட்டும் கட்டாயம் புடா மலைக்குப் போங்கள். அங்கே சுமார் 11 கிலோமீட்டர் ஓடும் சிறுவர் ரயிலை 10 முதல் 14 வயதுப் பள்ளிப் பிள்ளைகள் நடத்துகிறார்கள். 1948-இல் தொடங்கியது. டிக்கெட் கொடுப்பது, சிக்னல் கவனிப்பது, சீருடையில் நின்று வண்டிக்கு சல்யூட் அடிப்பது எல்லாம் பிள்ளைகளே. எஞ்சினை ஓட்டுவது மட்டும் பெரியவர்கள். பள்ளியில் நல்ல மதிப்பெண் இருந்தால்தான் இந்த வேலையில் சேரலாம். உங்கள் மகளைவிட ஒரு வயது மூத்த பெண் டிக்கெட் பரிசோதிக்க வரும்போது மகளின் முகத்தைப் பாருங்கள்.

மற்ற நாட்களில் மார்கிட் தீவில் நால்வரும் உட்கார்ந்து மிதிக்கும் வாடகை வண்டி, டான்யூப் கரையோரம் ஓடும் 2-ஆம் எண் டிராம், 1896-இல் திறந்த மஞ்சள் நிறச் சுரங்க ரயில் இவை போதும். லாங்கோஷ் என்று எண்ணெயில் பொரித்துச் சீஸ் தூவித் தருவார்கள். நம்ம பூரி மாதிரி, ஆனால் தட்டு அளவுக்கு. வெந்நீர்க் குளங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போக வேண்டாம். முறை வைத்து நீங்கள் ஒருவர், அவர் ஒருவராகப் போய்வாருங்கள். புடாபெஸ்டில் யூரோ இல்லை, ஃபாரின்ட்.

மே மாதத்தில் அங்கே நம்மைவிட மூன்றரை மணி நேரம் பின்னால். காலை ஆறரைக்கு எழும் பிள்ளைகள் முதல் இரண்டு நாள் அங்கே மூன்று மணிக்கே எழுந்து பசிக்கிறது என்பார்கள். பிஸ்கட், வாழைப்பழம் கையில் இருக்கட்டும். மாலை ஆறுக்குள் சாப்பாட்டை முடித்துவிடுங்கள். வெளியே எட்டரை மணி வரை வெளிச்சம் இருக்கும், திரையை இழுத்துவிட்டால்தான் தூங்குவார்கள்.

ஷெங்கன் விசாவை எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும், உங்களுக்கு ஆஸ்திரியா. பெரியவர்களுக்கு 90 யூரோ, மகளுக்கு 45, பையனுக்குக் கட்டணம் இல்லை. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. 12 வயதுக்குள் கைரேகை எடுக்கமாட்டார்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம், ஜனவரியிலேயே போட்டுவிடுங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் இன்றைக்கே ஒரு வேலை இருக்கிறது. நம் நாட்டில் குழந்தைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும். பெரியவளுக்குச் சின்ன வயதில் எடுத்தது காலாவதி ஆகியிருக்கும். பையனுக்குக் கைக்குழந்தையில் எடுத்தது முடியப்போகும். பீரோவைத் திறந்து தேதியைப் பாருங்கள்.