மீலாது அன்று பள்ளிக்கூடம் உண்டா?



2025ம் ஆண்டு செப்டம்பர் 5ந் தேதி வெள்ளிக்கிழமை, ரபீயுல் அவ்வல் பிறை 12. அன்று சிங்கப்பூரில் பள்ளிக்கூடங்கள் நடைபெறவில்லை. "மீலாதுக்கு லீவு விட்டிருக்கிறார்கள், அத்தா!" என்று துள்ளிய பிள்ளைகளும் உண்டு, ஆமென்று தலையாட்டிய பெற்றோரும் உண்டு. உண்மை அதுவன்று. செப்டம்பர் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை ஆசிரியர் தினம். பள்ளி விடுமுறை அதற்காக விடப்பட்டது. இரண்டும் ஒரே நாளில் கூடிக்கொண்டன, அவ்வளவே. ஆகையால் பள்ளிக்கூடம் எந்த நாட்களில் மூடுகிறது, ஏன் மூடுகிறது என்பதைச் சற்று ஆராய்வோம்.

சர்க்கார் விடுமுறை நாட்கள் ஆண்டுக்கு 11. சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள். ஆங்கிலப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், பெரிய வெள்ளி, மே தினம், விசாக தினம், தேசிய தினம், தீபாவளி, கிறிஸ்துமஸ் ஆகியவற்றுக்கு ஒவ்வொரு நாள். இவற்றுக்கு மேல் இளைஞர் தினம், ஆசிரியர் தினம், சிறுவர் தினம் ஆகியவை பள்ளிகளுக்கு மட்டுமே உரியவை. அத்தா வேலைக்குப் போவார். பிள்ளை வீட்டில் இருக்கும். சிறுவர் தினமோ தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்கு மாத்திரம்.

இந்தப் பட்டியலில் மீலாது ஏன் இல்லை? முன்பு இருந்தது. 1968ல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறப் போவதை முன்னிட்டு, நாட்டின் தொழில் வளம் குன்றாதிருக்க விடுமுறைகள் குறைக்கப்பட்டன. முஸ்லிம்கள் இரு பெருநாட்களையும் வைத்துக்கொண்டு மீலாது விடுமுறையை விட்டுக்கொடுத்தனர். இந்துக்கள் தைப்பூசத்தையும் தீபாவளியையும் எதிரே வைத்துப் பார்த்துத் தீபாவளியைக் கொண்டனர். கிறிஸ்துவர்கள் ஈஸ்டர் திங்களையும் கிறிஸ்துமஸுக்கு மறுநாளையும் இழந்தனர். நமக்கு மட்டும் குறை வைத்துவிட்டார்கள் என்று காப்பிக்கடையில் பேசுவோர் இதை அறிய வேண்டும். பாலத்தைத் தாண்டினால் மலேசியாவில் மீலாது நாடு முழுவதற்கும் விடுமுறை. நோன்புப் பெருநாளும் இரண்டு நாள். அங்கே உறவினரை உடைய நம் பிள்ளைகளுக்கு ஏக்கம் உண்டாவது இயல்பே.

கிழமையும் ஒரு வேலை செய்கிறது. ஞாயிறன்று பெருநாள் வந்தால் திங்கள் விடுமுறை. 2022ல் ஹஜ்ஜுப் பெருநாள் அவ்வாறு வந்தது. 2023ல் நோன்புப் பெருநாள் சனிக்கிழமை வந்தது; பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நாள்கூட மிச்சமாகவில்லை. பிறைக் கணக்கில் ஆண்டுக்குப் பத்துப் பதினோரு நாள் முன்னேறுவதால் மீலாதும் இடம் மாறுகிறது. 2017லும் 2018லும் ஆண்டிறுதி விடுமுறைக்குள் வந்ததால் கேள்வியே எழவில்லை. 2026ல் அது ஆகஸ்டு மாதப் பிற்பகுதியில், பள்ளி நாளில் வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மீலாது அன்றும் பெருநாளுக்கு மறுநாளும் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொண்டு, "காய்ச்சல்" என்று ஆசிரியருக்கு எழுதி அனுப்பும் வழக்கம் நம்மில் சிலரிடம் இருக்கிறது. அல் அமீன் என்று பெயர் பெற்ற நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பிறந்த நாளைக் கொண்டாட, பிள்ளையின் கையிலேயே பொய்க் கடிதம் கொடுத்தனுப்புவதா? காரணத்தை உள்ளபடி எழுதிக் கேளுங்கள். ஆசிரியர் மறுத்தால் பிள்ளை பள்ளிக்குப் போகட்டும்.

நமது சங்கத்தின் மீலாதுக் கூட்டத்தை மஃரிபுக்குப் பிறகு வைப்பதும் இதை உத்தேசித்துத்தான். ஒன்பது மணிக்குள் துஆ ஓதி, நார்சா வழங்கி முடித்துவிடுகிறோம். மறுநாள் பள்ளிக்கூடம்.