நோய் தாங்கும் கச்சான், கௌப்பி: நம்பிக்கைகளும் உண்மைகளும்

புத்தளக் கரையில், கற்பிட்டி, நுரைச்சோலைப் பக்கத்து மணல் தோட்டங்களில் மிளகாய், வெங்காயத்தோடு கச்சானும் கௌப்பியும் விளைகின்றன. பூவும் பிஞ்சுமாய் நிற்கும் செடிகள் திட்டுத்திட்டாய் வாடிச் சாயும்போது ஆளுக்கொரு காரணமும் ஆளுக்கொரு வைத்தியமும் சொல்வார்கள். அவற்றில் தவறானவை செலவைக் கூட்டுவதோடு குடிக்கிற கிணற்றையும் கெடுக்கின்றன.

நம்பிக்கை: செடி வாடினால் தண்ணீர் போதவில்லை.

உண்மை: மோட்டரைப் போடுவதற்கு முன் ஒரு செடியைப் பிடுங்கிப் பாருங்கள். நிலமட்டத்தில் தண்டைச் சுற்றி வெள்ளை நூல் படர்ந்து, அதில் கடுகளவு பழுப்பு உருண்டைகள் இருந்தால் அது ஸ்கிளெரோட்டியம் என்ற பங்கசு. சூடும் ஈரமும் சேர்ந்த இடத்தில் அது செழிக்கும். கூட்டி இறைக்கும் தண்ணீர் அதற்குத்தான் உதவும். இளங் கச்சானின் கழுத்தில் கறுப்புத் தூள் படிந்திருந்தால் அஸ்பர்ஜிலஸ். கௌப்பித் தண்டைக் கீறும்போது உள்ளே பழுப்புக் கோடு ஓடினால் பெரும்பாலும் பியூசேரியம். அடித்தண்டின் தோலை உரித்ததும் நுண்ணிய கரும்புள்ளிகள் தெரிந்தால் மக்ரோபோமினா. வறட்சியில் மூர்க்கம் கொள்வது இது. எந்த நோய் என்று தெரியாமல் நோய் தாங்கும் இனம் தேடுவது வீண். ஒன்றைத் தாங்கும் இனம் இன்னொன்றிடம் விழுந்துவிடும்.

நம்பிக்கை: பயிரை மாற்றினால் நோய் போய்விடும்.

உண்மை: கௌப்பியை வாட்டும் பியூசேரியம் மிளகாயைத் தொடாது. ஸ்கிளெரோட்டியம் அப்படியல்ல. கச்சான், மிளகாய், தக்காளி, வெங்காயம் என்று நூற்றுக்கணக்கான செடிகளில் அது பிழைக்கும். நம் தோட்டங்களில் மாறி மாறி வருவதும் இதே பயிர்கள்தான். இடையில் சோளம் போன்ற தானியம் ஒரு போகம் வந்தால் பங்கசின் பெருக்கம் குறையும்.

நம்பிக்கை: வேரடியில் மருந்து ஊற்றினால் தீர்ந்துவிடும்.

உண்மை: பரிந்துரைத்த அளவில் விதைநேர்த்தி செய்வது இளஞ்செடியைக் காக்கும். வாடிய செடியின் வேரடியில் மருந்தைக் கொட்டுவது அதைப் பிழைக்க வைக்காது. மண்ணில் கிடக்கும் உருண்டைகளின் தடித்த ஓடு அவற்றை ஆண்டுக்கணக்கில் காக்கிறது. இந்த மணலோ எதையும் பிடித்து வைக்காமல் கீழே விட்டுவிடும். கற்பிட்டிக் கிணறுகள் பலவற்றில், உரத்திலிருந்து இறங்கிய நைத்திரேற்று உலகச் சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் ஏற்கெனவே காட்டியிருக்கின்றன. உரம் போன வழியில் மருந்தும் போகலாம். தாங்கும் இனத்தைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

நம்பிக்கை: நோய் தாங்கும் இனத்துக்கு நோயே வராது.

உண்மை: தாங்குதிறன் ஒரு குறிப்பிட்ட நோய்க்கு, சிலவேளை அந்நோயின் ஒரு பிரிவுக்கு மட்டுமே உரியது. கலிபோர்னியாவில் சிபி 46 என்ற கௌப்பி இனம் பியூசேரியத்தின் 3ஆம் பிரிவைத் தாங்கியது. 4ஆம் பிரிவு தலைகாட்டியதும் தடுமாறியது. இரண்டையும் தாங்கும் சிபி 27 வந்தது 1999இல். ஸ்கிளெரோட்டியத்தை முழுமையாகத் தடுக்கும் கச்சான் இனம் இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இனத்துக்கு இனம் சேதம் கூடிக் குறைகிறது. நூற்றில் நாற்பது செடி சாகும் நிலத்தில் பதினைந்தோடு நின்றால், விவசாயிக்கு அதுவே பெரிய மீட்சி.

நம்பிக்கை: தப்பி நின்ற செடிதான் நோய் தாங்கும் செடி.

உண்மை: பங்கசு வயல் முழுக்கச் சமமாகப் பரவியிருப்பதில்லை. அது எட்டாத இடத்தில் நின்றதால் மட்டும் ஒரு செடி தப்பியிருக்கலாம். அமெரிக்காவின் தென் கரோலினாவில் தாவரநோய் ஆய்வாளர் வில்லியம் ஓர்ட்டன், வாடல் நோய் பிடித்த நிலத்திலேயே கௌப்பி இனங்களை விதைத்து ஒப்பிட்டார். மற்றவை மடிந்த இடத்தில் 'அயன்' என்ற இனம் நின்றது. 1902இல் வெளியான அந்த முடிவுகளின்படி அது வேர்முடிச்சுப் புழுவையும் தாங்கியது. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் உள்ள இக்ரிசாற் பயிராய்வு நிறுவனமும் நோய் ஊறிய பாத்திகளை வேண்டுமென்றே பேணி, அவற்றில்தான் துவரையையும் கடலையையும் சோதிக்கிறது. வாடலைத் தாங்கும் 'மாருதி' துவரை 1980களில் அங்கே தேறி வந்தது.

இதே முறையை நம் தோட்டத்திலும் செய்யலாம். சென்ற போகம் நோய் விழுந்த இடத்தில் சில வரிசைகளை ஒதுக்குங்கள். விவசாயத் திணைக்களம் பரிந்துரைக்கும் வருணி, பம்பாய், எம்.ஐ. 35, தவள போன்ற கௌப்பி இனங்களை வரிசைக்கொன்றாய் விதையுங்கள். இடையிடையே, நோயில் எப்போதும் விழும் இனத்தையும் கட்டாயம் போடுங்கள். அது சாகாவிட்டால் அந்தச் சோதனைக்குப் பெறுமதி இல்லை. செத்த செடிகளை வாராவாரம் எண்ணி எழுதி, இரண்டு மூன்று போகம் பார்த்த பின் முடிவெடுங்கள். கச்சானும் கௌப்பியும் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையுடையவை. தேறிய வரிசையின் விதை அடுத்த போகத்திலும் அநேகமாக அதே குணத்தோடு வரும்.

அந்தக் கணக்கை விவசாயப் போதனாசிரியரிடம் கொடுங்கள். எங்கோ செம்மண்ணில் தேறிய இனம் உவர்க்காற்றும் மணலும் உள்ள இந்தக் கரையிலும் தேறும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. புத்தளக் கரைக்கான இனத்தைப் புத்தளக் கரையின் நோய்ப்பட்ட மணலிலேயே சோதிக்க வேண்டும். அதைத் திணைக்களத்திடம் கேட்டுப் பெறுவது விவசாயிகளின் உரிமை.