கையா, முகமா? செல்பேசிப் பூட்டும் ஏரிக்கரைக் கைகளும்



திருவள்ளூர் மாவட்டத்தின் வடகோடியில், கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரைப் பகுதியில் சுண்ணாம்புக்குளம் என்னும் ஊர் உள்ளது. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாகப் பெரியது பழவேற்காடு ஏரி. மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து இதன் உப்பு குறையும். கோடையில் சில பகுதிகளில் கடலைவிட உப்பு மிகுந்துவிடும்.

அந்தக் கரையில் ஒரு காலை வேளையில் நீங்கள் நிற்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உங்கள் அத்தை இடுப்பளவு நீரில் சேற்றைக் கையால் துழாவி இறால் பிடித்துவிட்டுக் கரையேறி வருகிறார். பனையோலைப் பறியில் இறால் துள்ளுகிறது. வியாபாரிக்குச் செய்தி சொல்ல வேண்டும். செல்பேசியில் விரலை வைக்கிறார், திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடி வைக்கிறார், அப்போதும் திறக்கவில்லை. “என்னப்பா இது, என் கையை எனக்கே இல்லைன்னு சொல்லுது!” என்கிறார்.

நீங்கள் செல்பேசியை அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறீர்கள். உடனே திறந்துகொள்கிறது. “அப்படியானால் முகப்பூட்டுதான் சிறந்தது” என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். மறுநாள் விடியுமுன், இருட்டில், முகத்தைச் சுற்றித் துண்டு கட்டியிருக்கும் மாமாவிடம் அதே சோதனையைச் செய்து பாருங்கள். முகப்பூட்டு அவரை வெளியே நிறுத்திவிடக்கூடும்!

இரண்டு பூட்டுகளும் எப்படி வேலை செய்கின்றன, எங்கே தவறுகின்றன என்று பார்ப்போம்.

விரலில் ஒரு வயல்

உங்கள் விரல் நுனியை உருப்பெருக்கியால் பாருங்கள். உழுத வயலைப் போல மேடும் பள்ளமுமாக வரிகள் ஓடுகின்றன. ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தூரம். தாயின் கருவில் நான்கைந்து மாதம் ஆவதற்குள் இந்த வரிகள் அமைந்துவிடுகின்றன. மரபணுக்கள் மட்டுமன்றிக் கருப்பையில் உள்ள சூழலும் இவற்றின் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. ஆகவேதான் அச்சில் வார்த்தாற்போல ஒரே முகம் கொண்ட இரட்டையருக்கும் கைரேகை வேறுபடுகிறது.

கைரேகையை அடையாளமாகக் கொண்ட வரலாற்றில் நம் நாட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1858ஆம் ஆண்டு வங்காளத்தின் ஜாங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி, சாலைப் பொருள் வழங்க வந்த ராஜ்யதர் கோனாய் என்பவரிடம் ஒப்பந்தத்தில் கையை மையில் தோய்த்துப் பதிக்கச் சொன்னார். 1897இல் கல்கத்தாவில் கைரேகைப் பிரிவு தொடங்கப்பட்டது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்குவதில் அங்கு பணியாற்றிய அஜிசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் ஆகிய இரு இந்தியர்களும் பெரும்பங்கு ஆற்றினர். எனினும் அந்த முறைக்கு அவர்களுடைய மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயரே நிலைத்தது.

கருவி விரலை எப்படிப் படிக்கிறது?

உங்கள் இயற்பியல் பாடத்தில் மின்தேக்கியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். இரண்டு மின்கடத்திகளுக்கு இடையே உள்ள தூரம் குறைந்தால் மின்தேக்குத்திறன் கூடும். தூரம் அதிகரித்தால் குறையும். பல செல்பேசிகளின் கைரேகை உணரியில் இந்த விதியே பயன்படுகிறது. உணரியில் ஓர் அங்குலத்துக்கு 500 என்ற கணக்கில் நுண்ணிய மின்தகடுகள் வரிசையாக உள்ளன. ஒரு தகடு ஒரு முனையென்றால் உங்கள் தோல் மறுமுனை. வரியின் மேடு தகட்டை ஒட்டி இருக்கும். பள்ளத்தில் காற்று நிற்கும். ஒவ்வொரு தகடும் தன் மேலுள்ள மின்தேக்குத்திறனை அளந்து சொல்ல, மேடு பள்ளங்களின் படம் கிடைக்கிறது.

ஒரு சிறு கணக்கு. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீட்டர். அதை 500ஆல் வகுத்தால் ஒரு தகட்டுக்கு 0.05 மில்லிமீட்டர் வருகிறது. ஆகவே ஒரு வரிக்கு ஏறத்தாழ 10 தகடுகள்!

இப்போது அத்தையின் விரலுக்கு வருவோம். அவர் கையில் இருப்பது உப்புநீர். உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். காற்று இருக்க வேண்டிய பள்ளங்களை அது நிரப்பிவிட்டால், தகட்டுக்கு மேடும் பள்ளமும் ஒன்றாகவே தெரியும். மேலும் வெகுநேரம் நீரில் இருந்த விரல் சுருங்கிப் போயிருக்கும். தோல் நீரை உறிஞ்சி ஊறுவதுதான் இதற்குக் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நரம்புகளின் கட்டளையால் விரல் நுனியின் இரத்தக் குழாய்கள் குறுகுவதே முக்கியக் காரணம். நரம்பு அறுபட்ட விரல் நீரில் சுருங்குவதில்லை என்பதை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

கையைத் துடைத்தால் போதாதா? போதாது. நாள்தோறும் சிப்பி ஓடு கீறி, வலைக்கயிறு உராய்ந்து, மணல் தேய்த்து, மேடுகளின் உயரமே குறைந்துபோகிறது. பீடி சுற்றுவோர், கட்டடத் தொழிலாளர், வயதானவர் ஆகியோருக்கும் இதே நிலைதான். ஆனால் ஓர் ஆறுதல் உண்டு. வரிகளின் அச்சு மேற்றோலுக்கும் அடித்தோலுக்கும் இடையே பத்திரமாக இருக்கிறது. ஆழமான தழும்பு விழாதவரை, சில வார ஓய்வில் அதே வரிகள் மீண்டும் எழும். அந்த ஓய்வு யாருக்குக் கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

ஈரம் படும் என்பதற்காகச் செல்பேசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி மடியில் வைப்போர் உண்டு. பைக்கு மேலே தொட்டால் திரை வேலை செய்யும். கைரேகைப் பூட்டு மட்டும் திறக்காது. ஏன்? விரல் எங்கே இருக்கிறது என்று அறியத் திரைக்குத் தோராயமான அளவு போதும். அரை மில்லிமீட்டர் வரியைப் படிக்கவோ தோல் தகட்டை ஒட்டியே இருக்க வேண்டும். மீன் கூட்டத்தைத் தேடும் எதிரொலிக் கருவியைப் போலக் கேளா ஒலியை அனுப்பி ரேகையைப் படிக்கும் உணரிகளும் இப்போது உண்டு. அவை ஈர விரலை ஓரளவு சமாளிக்கும். ஆனால் எல்லாச் செல்பேசிகளிலும் அவை இல்லை.

முகத்தை அளப்பது எப்படி?

முகப்பூட்டில் இரண்டு வகை உண்டு. முதல் வகை சாதாரணக் கேமராவால் தட்டையான படம் எடுத்து ஒப்பிடுவது. 2011இல் ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் இவ்வகை வந்தபோது, உரிமையாளரின் புகைப்படத்தைக் காட்டியே பலர் அதை ஏமாற்றினர். இருட்டிலும் இது திணறும்.

இரண்டாவது வகை ஆழத்தையும் அளக்கிறது. 2017இல் வெளிவந்த ஐபோன் எக்ஸ், கண்ணுக்குத் தெரியாத 30,000க்கும் மேற்பட்ட அகச்சிவப்பு ஒளிப்புள்ளிகளை முகத்தின் மேல் வீசியது. மூக்கின் மேலும் கன்னக் குழியிலும் புள்ளிகள் இடம் பெயர்ந்து விழுவதைக் கொண்டு முகத்தின் மேடு பள்ளங்களைக் கணக்கிட்டது. இதற்கு வெளிச்சம் தேவையில்லை. ஆனால் இந்த ஏற்பாடு விலை உயர்ந்த செல்பேசிகளில்தான் இருக்கிறது. நம் ஊரில் புழங்கும் பெரும்பாலானவை முதல் வகையே.

இன்னொரு சிக்கலும் உண்டு. முகத்தை அறியும் நிரல்கள் ஏராளமான படங்களைப் பார்த்துப் பழகுகின்றன. அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனம் 2019இல் 189 நிரல்களைச் சோதித்து அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் பல, ஆசியர், ஆப்பிரிக்கர் முகங்களில் ஒருவரை மற்றொருவராக ஏற்கும் தவறை வெள்ளையர் முகங்களைவிட அதிகமாகச் செய்தன. எந்த முகங்களைப் பார்த்துப் பழகியதோ, அவற்றையே கருவி நன்றாக அறிகிறது!

வலைக்கண்ணும் பூட்டும்

வலையின் கண் சிறிதாக இருந்தால் பிடிக்கக்கூடாத குஞ்சும் சிக்கும். பெரிதாக இருந்தால் பிடிக்க வேண்டிய இறாலும் நழுவும். பூட்டும் அப்படித்தான். பதிந்து வைத்த ரேகையும் இப்போது வைத்த ரேகையும் ஒருபோதும் நூற்றுக்கு நூறு ஒத்திருப்பதில்லை. “இவ்வளவு ஒத்தால் போதும்” என்று ஓர் எல்லை வகுக்கிறார்கள். எல்லையைத் தளர்த்தினால் திருடன் நுழைவான். இறுக்கினால் உரிமையாளரே வெளியே நிற்பார். ஒரு தவறைக் குறைத்தால் மற்றொன்று கூடும்.

விளம்பரங்கள் சொல்வது முதல் தவறை மட்டுமே. முன்பின் அறியாத ஒருவரின் விரல் திறந்துவிடும் வாய்ப்பு 50,000இல் 1 என்றும், முகம் திறந்துவிடும் வாய்ப்பு 10 லட்சத்தில் 1 என்றும் ஆப்பிள் நிறுவனம் கூறுகிறது. இரட்டையர், முகச்சாயல் ஒத்த உடன்பிறந்தோர், 13 வயதுக்குக் குறைந்த சிறுவர் ஆகியோருக்கு முகக்கணக்கு பொருந்தாது என்றும் அதுவே சொல்கிறது. ஐந்து விரல்களைப் பதிந்தால் விரலின் கணக்கு 10,000இல் 1 ஆகிவிடும். அது நான்கு இலக்க எண்ணை ஒரே தடவையில் ஊகிப்பதற்குச் சமம்!

அத்தை சந்தித்ததோ இரண்டாவது தவறு. அதன் அளவு கருவியை மட்டும் பொறுத்ததன்று. கை செய்யும் வேலையையும் பொறுத்தது.

பூட்டுக்கு வெளியே நிற்பவர்

செல்பேசி விரலை மறுத்தால் எண்ணை அழுத்தித் திறந்துவிடலாம். ஆனால் அதே விரலை நியாயவிலைக் கடையிலும் வைக்க வேண்டியிருக்கிறது. 2010 முதல் வழங்கப்படும் ஆதாரில் பத்து விரல்கள், இரு கருவிழிகள், முகம் ஆகியவை பதியப்படுகின்றன. 2020இல் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் கைரேகைச் சரிபார்ப்பு வந்தது. ரேகை தேய்ந்தவர்கள் பொருள் வாங்குவதில் சிரமப்பட்டனர். பின்னர் பல கடைகளுக்குக் கருவிழிக் கருவிகளும் வந்தன. கருவிழி ஒளிபுகும் விழிவெண்படலத்துக்குப் பின்னே இருப்பதால் உழைப்பில் தேய்வதில்லை. சரிபார்ப்பு தவறியது என்பதற்காக உரியவருக்கு உதவி மறுக்கப்படக்கூடாது என்பதை 2018ஆம் ஆண்டின் ஆதார் தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது.

ஆகவே “கையா, முகமா?” என்ற கேள்விக்கு விடை, “யாருடைய கை? எந்த நேரத்து முகம்?” என்பதே. எந்தப் பூட்டானாலும், அது தவறாக மறுத்தவருக்கு இன்னொரு வாசல் திறந்திருக்க வேண்டும். அந்த வாசல் இல்லாத கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் குறையுடையதே.

இன்னொன்றையும் மறக்க வேண்டாம். திருட்டுப் போன கடவு எண்ணை மாற்றலாம். விரலையும் முகத்தையும் மாற்ற முடியாது. 2013இல் கைரேகைப் பூட்டுடன் ஐபோன் வெளிவந்த சில நாட்களிலேயே, கண்ணாடியில் பதிந்த ரேகையைப் படமெடுத்துப் போலி விரல் செய்து ஜெர்மானியக் குழு ஒன்று அதைத் திறந்து காட்டியது.

வீட்டில் உதவுங்கள்

வேலை செய்யும் கையின் பெருவிரலுக்குப் பதிலாக, குறைவாகத் தேயும் மறுகையின் விரலைப் பதியுங்கள். ஒரே விரலை இரண்டு முறை பதிவதும் பயன் தரும். கடவு எண்ணாகப் பிறந்த ஆண்டை வைக்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

பென்சில் கரியைத் தாளில் அழுத்தித் தேய்த்து, விரலை அதில் ஒற்றி எடுங்கள். ஒட்டுநாடாவை விரலில் ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். கையை அரை மணி நேரம் நீரில் வைத்துவிட்டு, துடைத்தபின் மறுபடி செய்யுங்கள். வீட்டில் உழைக்கும் பெரியவர் ஒருவரின் அனுமதி பெற்று அவர் ரேகையையும் எடுத்து ஒப்பிடுங்கள். பார்த்து முடித்ததும் தாள்களைக் கிழித்துவிடுங்கள். ரேகை அவரவர் உடைமை அல்லவா?

சிந்தியுங்கள்

1. உப்புநீருக்குப் பதில் எண்ணெய் பட்ட விரலானால் மின்தேக்கி உணரிக்கு என்ன ஆகும்?

2. உங்கள் ஊர் நியாயவிலைக் கடைக்கு நீங்கள் பூட்டு அமைத்தால், எந்தத் தவறைக் குறைக்க முயல்வீர்கள்? ஏன்?