கதிரவன் காணாத ஊர்

உயிர்களுக்கெல்லாம் உணவளிக்கும் முதல்வன் கதிரவனே என்று படித்திருக்கிறோம். அவன் ஒளியால் பயிர் உணவு சமைக்கிறது. பயிரை விலங்குகள் உண்கின்றன. அவற்றைப் பிற விலங்குகள் உண்கின்றன. ஒளி புகாத ஆழ்கடலில் வாழ்வனவும், மேலிருந்து சிந்தும் மிச்சிலை உண்டே உயிர் தாங்குவன என அறிஞர் கருதினர். ஆதலின், ஆழ்கடலின் அடித்தளம் பாலைநிலத்துக்கு நிகரானது என்பது அவர்தம் துணிபு.

அத்துணிபு 1977ஆம் ஆண்டில் தளர்ந்தது. தென் அமெரிக்காவுக்கு மேற்கே, பசிபிக் பெருங்கடலில் காலபாகோஸ் தீவுகள் உள்ளன. அவற்றின் அருகே கடலடி நிலம் பிளந்து விலகும் இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருத்தல் கூடும் என எண்ணி, நிலநூல் அறிஞர் சிலர் ‘ஆல்வின்’ என்னும் நீர்மூழ்கிக் கலத்தில் இறங்கினர். மூவர்க்கே இடந்தரும் சிறு கலம் அது. ஏறத்தாழ 2,500 மீட்டர் ஆழத்தில் ஊற்றைக் கண்டனர். அதனைச் சூழ்ந்து ஓர் ஊரையே கண்டனர்! பெருஞ்சிப்பிகளும், நண்டுகளும், வெண்குழல்களினின்று செந்நிறக் கொண்டையை நீட்டி அசையும் புழுக்களும் அங்கே நெருங்கி வாழ்ந்தன. சென்றவருள் உயிர்நூல் வல்லார் ஒருவரும் இலர். உயிர்களைக் கெடாமல் காக்கும் மருந்தும் அவர்களிடம் போதிய அளவு இல்லை. கல்லைத் தேடிச் சென்றவர் கையில் உயிர் அகப்பட்டது.

அவர்கள் கொணர்ந்த நீரைத் திறந்தபோது அழுகிய முட்டையின் நாற்றம் வீசியது. அது ஹைட்ரஜன் சல்பைடு என்னும் நச்சுவாயுவின் நாற்றம்.

புழுக்களோ பெரும் புதிராயின. ஆளை விஞ்சும் நீளமுடையனவும் அவற்றுள் உண்டு. ஆனால் வாயில்லை, குடலும் இல்லை. வாயில்லாதது எவ்வாறு உண்ணும்? இப்புழுவைப் பற்றி அறிஞர் ஒருவர் விரிவுரை ஆற்றுகையில், அதன் உடலினுள் கந்தகத் துகள்கள் காணப்பட்டன என்றார். அவையிலிருந்த ஹார்வர்டு பல்கலைக்கழக மாணவி காலீன் கேவனா எழுந்து, “அப்படியாயின், கந்தகத்தால் வாழும் நுண்ணுயிர்கள் அதனுள் இருத்தல் வேண்டும்” என்னும் கருத்தை மொழிந்தார். 1981இல் அதனைச் சான்றுகளுடன் வெளியிட்டார். அவ்வவையில், கேள்வியோடு எழுந்தவர் ஒரு மாணவி என்பதை நீங்கள் எண்ணிப் பார்த்தல் நன்று.

புழுவின் கொண்டை சிவந்திருப்பது குருதியால். அக்குருதி சல்பைடையும் பிராணவாயுவையும் ஏந்திச் சென்று உள்ளிருக்கும் நுண்ணுயிர்களுக்கு அளிக்கிறது. அவை அவ்விரண்டையும் கூட்டி ஆற்றல் பெறுகின்றன. அவ்வாற்றலால் கரியமிலவாயுவிலிருந்து உணவு சமைக்கின்றன. புழு வீடு தருகிறது. நுண்ணுயிர் சோறு தருகிறது. நமக்கு நஞ்சாவது அவற்றுக்கு விறகு!

இதனைக் கொண்டு, கதிரவனுக்கு அங்கே பங்கே இல்லை என்பாரும் உளர். அது மிகைக்கூற்று. இப்புழுவுக்கு வேண்டும் பிராணவாயு, மேலே ஒளியில் வாழும் பயிரினங்கள் வெளியிட்டதே அன்றோ?

இவ்வூர்கள் நிலையானவையும் அல்ல. ஊற்று அடங்கினால் ஊரும் மடியும். 1979இல் காலபாகோஸ் அருகே செம்புழுக்கள் செழித்த ஓரிடத்தைக் கண்டு, ‘ரோஜாத் தோட்டம்’ எனப் பெயரிட்டனர். 2002இல் மீண்டும் சென்று தேடியபோது அத்தோட்டத்தைக் காணவில்லை. எரிமலைக் குழம்பு புதிதாய் உறைந்து அங்கே பரந்து கிடந்தது. ஆனால், சற்றுத் தொலைவில் வேறோர் ஊற்றின் அருகே இளம்புழுக்கள் குடியேறத் தொடங்கியிருந்தன. அவ்விடத்திற்கு ‘ரோஜா மொட்டு’ என்று பெயர் வைத்தனர்.