பழைய பாய்க்கப்பலை விற்பது எப்படி?

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் மளிகைக் கடை நடத்தும் நமது சங்க உறுப்பினர் ஒருவர், மாதக் கூட்டம் முடிந்து காபி குடிக்கும் நேரத்தில் மனக்குறையோடு நம்மிடம் பேசினார். "அண்ணாச்சி, ஒன்பது வருஷமா பிள்ளை மாதிரி பார்த்த வேன். ஒரு சர்வீஸ் தப்பினதில்லை. வர்றவன் எல்லாம் எந்த வருஷத்து வண்டின்னு கேக்கிறான். சொன்னதும் பாதி விலை சொல்லிட்டுப் போறான். பராமரிச்சதுக்கு மரியாதையே கிடையாதா?"

நியாயமான கேள்வி. இதற்கு வண்டிச் சந்தையில் விடை தேடுவதைவிடக் கடலில் தேடலாம் என்று நமக்குத் தோன்றியது. உறுப்பினர்கள் சிரிக்க வேண்டாம். மரத்தாலான பாய்க்கப்பலைப் போல ஓயாமல் கவனிப்பைக் கேட்கும் பொருள் வேறொன்று இருப்பதாக நமக்குத் தெரியவில்லை. ஒரு வருடம் கைவிட்டால் கரையான் வீட்டைத் தின்பதுபோல் கடற்புழு அடிப்பலகையைத் தின்றுவிடும். அப்படிப்பட்ட பொருளை, அதுவும் பழையதை, நல்ல விலைக்கு விற்கிறவர்கள் உலகமெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் முறையில் நமக்குப் பாடம் இருக்கிறது.

முதலில் நம் தமிழர் விற்ற ஒரு கப்பலைப் பார்ப்போம். யாழ்ப்பாணத்து வடகரையில் வல்வெட்டித்துறை என்றோர் ஊர். கப்பல் கட்டுவதிலும் ஓட்டுவதிலும் பேர் பெற்ற ஊர். அங்கே வேப்பமரத்தால் கட்டப்பட்ட கப்பல் ஒன்றின் பெயர் அன்னபூரணி அம்மாள். நீளம் 89 அடி, அகலம் 19 அடி, இரண்டு பாய்மரம். சரக்குக் கப்பல்தான், உல்லாசத்துக்குக் கட்டியதல்ல. நம் பாட்டனார் காலத்து அரிசி, ஓடு, மரம் வியாபாரமெல்லாம் இப்படிப்பட்ட கப்பல்களை நம்பித்தான் நடந்தது.

1930களில் இயந்திரக் கப்பல்கள் பெருகி, பாய்க்கப்பலுக்குச் சரக்கு குறைந்துவந்த காலம். சக வியாபாரியிடம் போய் "என் பாய்க்கப்பலை வாங்கிக்கொள்ளும்" என்றால் அவர் என்ன விலை சொல்வார்? நம் கச்சேரி ரோட்டு நண்பருக்குச் சொன்னதைப் போல் பாதி விலைதான் சொல்வார். ஆனால் அன்னபூரணியை வாங்கியவர் சரக்கு வியாபாரி அல்லர். வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கர். 1928 முதல் 1931 வரை ஸ்வாப் என்னும் 32 அடிப் படகில் உலகைச் சுற்றி வந்தவர். கடலைத் தெரிந்தவர், மரத்தைத் தெரிந்தவர். அவருக்கு வேண்டியிருந்தது வேகமும் அல்ல, டன் கணக்கும் அல்ல. நல்ல கைவேலையில் உருவான உறுதியான பாய்க்கப்பல் ஒன்று. சரக்கு வியாபாரிக்கு எது குறையோ அதுவே அவருக்கு நிறைவு.

ராபின்சன் தம் மனைவியின் பெயரைச் சூட்டிக் கப்பலை புளோரன்ஸ் சி. ராபின்சன் என்றாக்கினார். சூயெஸ் கால்வாய் கடந்து, மத்தியதரைக் கடல் கடந்து, அட்லாண்டிக்கும் கடந்து 1938 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்காவின் கிளஸ்டர் துறைமுகத்தில் அது போய்ச் சேர்ந்தது. ஓட்டிச் சென்றவர்கள் யார்? கப்பல் தலைவர் தம்பிப்பிள்ளையும் வல்வெட்டித்துறை மாலுமிகளும். பொருளைக் கைமாற்றியபோது அதன் குணம் அறிந்த ஆட்களும் கூடவே போனார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அது எந்தப் பாயை எப்போது இறக்கச் சொல்லும், எந்தக் காற்றில் சாயும் என்பதெல்லாம் எந்தக் காகிதத்திலும் எழுத முடியாத விவரம்.

சரி, இந்தக் காலத்தில் பழைய பாய்ப்படகு எப்படி விலை போகிறது? வெளிநாடுகளில் இதற்கென்று தரகர்களே இருக்கிறார்கள். பத்து சதவீதம் வரை கமிஷன் வாங்குவது அங்கே சகஜம். (நம்மூரில் பத்து சதவீதம் கேட்டால் அந்தத் தரகர் மறுபடி கடைக்குள் வர முடியாது.) விலை பேசி முடிந்ததும் ஒரு பங்கு முன்பணம். பிறகு வாங்குகிறவர் தம் செலவில் ஒரு பரிசோதகரை அழைத்து வருவார். படகைத் தண்ணீரிலிருந்து தூக்கி மேலே வைப்பார்கள். பரிசோதகர் சிறிய சுத்தியலால் அடிப்பலகையை அடி அடியாகத் தட்டிப் பார்ப்பார். நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்த மரம் தொப்பென்று சொல்லும். நாம் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதற்கும் இதற்கும் அதிக வித்தியாசமில்லை. சந்தேகமான இடத்தில் ஊசிபோன்ற கம்பியை வைத்து அழுத்துவார். பலகை இடுக்குகளில் கலப்பத்து வேலை எப்போது செய்தது, அடிக்கட்டையைப் பிணைத்திருக்கும் போல்ட்டுகளைக் கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தது, பாயின் தையல் நூல் வெயிலில் இற்றுப்போயிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். கடைசியில் கடலுக்குள் ஓட்டிப் பார்ப்பார்கள்.

கெட்டிக்கார விற்பனையாளர் என்ன செய்கிறார் என்றால், பரிசோதகர் வருமுன் தாமே பரிசோதகராகி விடுகிறார். குறைகளைத் தாமே கண்டு எழுதி, முதல் நாளே வாங்குகிறவர் கையில் கொடுக்கிறார். இன்ன இடத்தில் பலகை மாற்றியிருக்கிறேன், தண்ணீர் பம்பு பழசு, முன்பாய்க்கு இன்னும் இரண்டு பருவம்தான் ஆயுள் என்று. இப்படிச் சொன்னால் விலை குறையாதா என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் குறையும். ஆனால் பரிசோதகர் தாமாகக் கண்டுபிடிக்கும் ஒரு குறை, அவர் கண்டுபிடிக்காத பத்துக் குறைகளையும் வாங்குகிறவர் மனத்தில் உண்டாக்கிவிடும். அப்போது விழும் விலை கொஞ்சமாக இருக்காது.

இதை நாம் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. நமது மண்டியில் ஒரு லோடு வண்டி இருந்தது. சேசிஸில் ஓரிடத்தில் துரு. விற்கும் முன் அதன்மேல் கறுப்புப் பெயிண்ட் அடித்தோம். பொய் சொல்லவில்லை, கேட்காததைச் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்று நமக்கு நாமே சமாதானம். வாங்க வந்தவர் அடையாற்றில் கடை வைத்திருந்தவர், நம்மிடம் பருப்பு வாங்கும் வாடிக்கைக்காரர். அவரோடு வந்த மெக்கானிக் பையன் வண்டிக்கு அடியில் படுத்து, நகத்தால் சுரண்டினான். கறுப்புப் பெயிண்டோடு துருவும் உதிர்ந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை. காபி கொடுத்தோம், குடித்துவிட்டுப் போனார். வண்டி போகாதது பெரிதல்ல. அடுத்த மாதத்திலிருந்து அவர் சிட்டை நமக்கு வரவில்லை. பன்னிரண்டு வருட வாடிக்கை. நம் பருப்பு மூட்டையிலும் அடியில் என்ன இருக்குமோ என்று அவர் நினைத்திருந்தால் அது அவர் தப்பில்லை.

மறுபடி படகுக்கு வருவோம். குறைப்பட்டியலுக்கு அடுத்தது குறிப்பேடு. நல்ல படகுக்காரர் ஒவ்வொரு செலவையும் தேதி போட்டு எழுதி, பில்லை ஒட்டி வைத்திருப்பார். பராமரிப்புக்கு மரியாதை உண்டா என்ற கேள்விக்கு இதுதான் பதில்: காட்ட முடிந்த பராமரிப்புக்கு உண்டு. "கண்ணாகப் பார்த்தேன்" என்பதை எல்லோரும்தான் சொல்கிறார்கள். எண்ணெய் மாற்றிய தேதியும், கிலோமீட்டரும், பில்லும் ஒரு நோட்டில் இருந்தால் அந்தச் சொல்லுக்கு எடை வரும். பேரேடு எழுதத் தெரிந்த நமக்கு இது கஷ்டமில்லை. ஆனால் நம்மில் எத்தனை பேர் வண்டிக்கும் மாவு மில்லுக்கும் ஃபிரிட்ஜுக்கும் தனி நோட்டு வைத்திருக்கிறோம்?

விலை விஷயத்தில் ஒரு மயக்கம் உண்டு. போன வருடம் புதுப் பாய்க்கு இவ்வளவு செலவழித்தேன், ஆகவே விலையில் அதைச் சேர்ப்பேன் என்று படகுக்காரரும் நினைப்பார். சேர்க்க முடியாது. அந்தச் செலவு படகை விற்கத்தக்க நிலையில் வைத்திருந்தது. அதன் பலன் அத்தோடு சரி. புது டயர் போட்ட வண்டிக்கும் இதே கதைதான். டயரின் விலை முழுதாகத் திரும்பாது, ஆனால் தேய்ந்த டயர் வாங்குகிறவரை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும்.

இன்னொன்று, சாமான்களை அகற்றிச் சுத்தமாகக் காட்டுவது. படகின் அடியறையில் தேங்கிய நீரின் வாடை வந்தால் வாங்க வந்தவர் பாயை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். நம் வண்டிகளில் பெருங்காய வாடை, கருவாட்டு வாடை. நமக்குப் பழகிப்போய்த் தெரிவதில்லை.

உபயோகத்தை நிறுத்திவிட்டால் பொருள் அப்படியே இருக்கும் என்று நினைப்பதும் தவறு. சுஹைலி என்ற படகைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1960களில் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டிய 32 அடிப் படகு. அதன் சொந்தக்காரர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன், எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்ற ஆசைப்பட்டார். அதற்குப் பெரிய இரும்புப் படகு ஒன்று புதிதாகக் கட்ட நினைத்தார். பணம் போட ஆள் கிடைக்கவில்லை. சுஹைலியை விற்றுப் பார்க்கலாம் என்றால் அதுவும் படியவில்லை. வேறு வழியின்றி அதிலேயே 1968 ஜூன் 14 அன்று புறப்பட்டார். 1969 ஏப்ரல் 22 அன்று திரும்பினார். போட்டியில் கிளம்பிய ஒன்பது பேரில் முடித்தவர் அவர் ஒருவரே. யாரும் வாங்காத படகு! பின்னாளில் அதை லண்டன் கிரீனிச் கடல்சார் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். மழையில்லை, அலையில்லை, உப்பில்லை. அந்த உலர்ந்த காற்றில் பலகைகள் சுருங்க ஆரம்பித்தன. 2002-ல் அவர் அதை எடுத்துப் போய்ப் பழுது பார்த்து மறுபடி கடலில் விட்டார். விற்கத்தானே போகிறோம் என்று ஆறு மாதம் ஷெட்டில் மூடி வைக்கும் வண்டியின் பேட்டரியும் ரப்பரும் இந்த அருங்காட்சியகக் கதைதான். பொருளை ஓடவிட்டுக்கொண்டே விற்க வேண்டும்.

நமது சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே 1911-ல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருப்பது பலருக்குத் தெரியாது. பாய்ப்படகு எப்படி இருக்கும் என்று பார்க்க வெளிநாடு போக வேண்டியதில்லை.

கடைசியாகக் காகிதம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதுவும் விற்ற பிறகு. படகாயினும் வண்டியாயினும் பதிவேட்டில் பெயர் மாறும்வரை விற்பனை முடியவில்லை. பணம் வந்துவிட்டது, சாவி கொடுத்துவிட்டோம், பாரம் 29-லும் 30-லும் கையெழுத்தும் போட்டுவிட்டோம், வாங்கியவர் மாற்றிக்கொள்வார் என்று விட்டுவிடுவது நம் பழக்கம். 2018-ல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் - விஜய் குமார் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பல கை மாறிய கார் விபத்துக்குள்ளானது. பதிவில் இன்னும் முதல் சொந்தக்காரர் பெயரே இருந்தது. நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்பது தீர்ப்பு. வண்டியை விற்று, மறந்தும் போனவர்! மோட்டார் வாகனச் சட்டப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அதைத் தெரிவித்து, பெயர் மாறிய பதிவுச் சான்றின் நகல் கைக்கு வரும்வரை ஒரு தொகையை நிறுத்தி வைத்து வாங்குகிறவரைக் கட்டாயப்படுத்துவது நம் வழக்கம். தொகையைத் திருப்பிக் கொடுப்போம் என்று எழுதிக் கொடுத்தால் யாரும் மறுப்பதில்லை.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் கவனத்துக்கு: கடைக் கணக்கில் தேய்மானம் எழுதிய பழைய வண்டியை விற்றால், விற்ற விலை முழுவதற்கும் வரி இல்லை. தேய்மானம் போகப் புத்தகத்தில் நிற்கும் மதிப்புக்கு மேல் கிடைத்த தொகைக்கே வரி. 2025 ஜனவரியிலிருந்து விகிதம் 18 சதவீதம். புத்தக மதிப்புக்குக் கீழே விற்றால் வரி இல்லை. ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

கச்சேரி ரோட்டு நண்பரிடம் இவ்வளவையும் சொன்னோம். பில்களைத் தேடி எடுத்துத் தேதிவாரியாக ஒட்டினார். குறைகளை ஒரு தாளில் எழுதினார்: நான்கு குறைகள், அதில் கிளட்ச் பிடிப்பதும் ஒன்று. மளிகைக்காரர்களிடம் காட்டுவதை நிறுத்தினார். மேற்கு மாம்பலத்தில் கல்யாணச் சமையல் எடுத்து நடத்தும் ஒருவர் வந்து பார்த்தார். முகூர்த்தத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி கிளம்பியே ஆக வேண்டும் என்பவருக்கு வருடம் முக்கியமாக இல்லை, நோட்டைத்தான் பக்கம் பக்கமாகப் புரட்டினார். கேட்ட விலையில் எட்டாயிரம் குறைத்து முடிந்தது. நண்பரின் டிரைவர் இரண்டு நாள் மாம்பலம் போய், அந்தக் கிளட்சை எப்படி மிதிக்க வேண்டும் என்று புது டிரைவருக்குக் காட்டிக் கொடுத்துவிட்டு வந்தார்.