ஈசல்

மழை பெய்து ஓய்ந்த அந்திப்பொழுதில், மேகமலை அடிவாரத்துப் புற்றுகளினின்று ஈசல்கள் திரள்திரளாய்ப் புறப்படும். கறையான் குடியில் சிறகு முளைத்த ஆணும் பெண்ணுமே ஈசல்கள். சிற்றூர் மக்கள் புற்றருகே விளக்கேற்றி அவற்றைப் பிடிப்பர். வறுத்து, சிறகு போகச் சுளகிற் புடைத்து, பொரியரிசியோடு கலந்து உண்பர். இவ்வுணவு பழைமையானது. பாரியின் நாட்டைப் பாடிய கபிலர், ஈயலும் மோரும் சேர்ந்த புளிப்புணவைப் புறநானூற்றில் குறிக்கிறார். ஈயல் என்பது ஈசலின் பழம்பெயர்.

இஃது எவ்வினத்தைச் சார்ந்தது? தொல்காப்பியர் சிதல் எனப்படும் கறையானையும் எறும்பையும் மூவறிவுயிர்களாக ஒருங்கு வைத்தார். அவர் எண்ணியது அறிவின் தொகையை, பிறப்புறவை அன்று. ஆங்கிலேயரோ கறையானை 'வெள்ளெறும்பு' என்றே அழைத்தனர். அது பொருந்தாப் பெயர். எறும்பின் இடை நூல்போற் சிறுத்தது; ஈசலின் இடை பருத்தது. சிறகுள்ள எறும்புக்கு முன்சிறகு பெரிது, பின்சிறகு சிறிது. ஈசலுக்கு நான்கும் ஒத்த அளவின.

1758-இல் லின்னேயசு கறையானைச் சிறகிலிகளோடு சேர்த்தார். மழைக்கால அந்தியில் அவர் ஒரு புற்றருகே நின்றதில்லை போலும்! 1832-இல் 'ஒத்த சிறகின' என்னும் தனி வரிசை அதற்கு அமைந்தது. அதுவும் நிலைக்கவில்லை. கறையான் கரப்பான் வரிசையின் ஒரு கிளையே என 2007-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டிற்று. மட்கிய மரத்தைத் தின்று, குடலில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் செரித்து, குடும்பமாய் வாழும் மரக்கரப்பானே அதற்கு மிக நெருங்கிய உறவு. கரப்பான் என்றதும் முகஞ்சுளிப்போர் உளர். ஆயினும் ஈசல் வறுக்கும் மணம் எழுந்தால், சுளகைச் சுற்றிச் சிறுவர் கூடிவிடுவர்.