சீமைக்கருவேலம்: தவறான செய்தியைத் திருத்துவது எப்படி?

நாசரேத், குரும்பூர், சாத்தான்குளம் வட்டாரங்களில் சீமைக்கருவேல மரத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் பேச்சு எளிதில் முடிவதில்லை. "இந்த மரம் நிலத்தடி நீரை உறிஞ்சிவிட்டது" என்று ஒருவர் தொடங்குவார். "காற்றிலுள்ள ஈரத்தையும் குடித்துவிடுமாம், அதனால்தான் மழையில்லை" என்பார் அடுத்தவர். மூன்றாமவர், "இதன் நிழலில் கட்டிய பசு சினை பிடிக்காது" என்று முடிப்பார். இம்மூன்றில் முதலாவது பாதி உண்மை. மற்ற இரண்டும் உண்மையல்ல. ஆனால் ஒரே மூச்சில் சொல்லப்படுவதால் கேட்பவர் மூன்றையும் ஒன்றாகவே நம்பிவிடுகிறார்.

"மரம் எப்படியும் கெடுதலானதுதானே, காரணம் தவறாக இருந்தால் என்ன நட்டம்?" என்று சிலர் கேட்கின்றனர். நட்டம் உண்டு. தவறான காரணத்தை நம்பியவர் தவறான மரத்தை வெட்டுகிறார். சரியான மரத்தைத் தவறான முறையில் வெட்டுகிறார். மாட்டுக்குச் செய்ய வேண்டிய வைத்தியத்தைச் செய்யாமல் விடுகிறார். ஆகவே இத்தகைய செய்திகளைச் சோதிக்கும் விதத்தையும், பிறர் மனம் நோகாமல் திருத்தும் விதத்தையும் இங்குக் காண்போம்.

பெயரில் தொடங்கும் பிழை

நம் பகுதியில் தேரி மணலில் இயற்கையாக வளரும் குடைபோன்ற மரத்திற்கு உடை என்று பெயர். சீமைக்கருவேலத்தையும் பலர் உடை என்றே அழைக்கின்றனர். குளத்துக்குள் நிற்கும் நாட்டுக் கருவேலமோ பெயராலேயே சீமைக்கருவேலத்துக்கு உறவினர்போலத் தோன்றுகிறது. "கருவேலத்தை ஒழிப்போம்" என்று ஒருவர் பொத்தாம் பொதுவாகச் சொன்னால், அரிவாள் எடுத்தவர் எதை வெட்டுவார்?

பூவையும் காயையும் பார்த்தால் ஐயம் தீரும். நாட்டுக் கருவேலத்தின் பூ மஞ்சள் நிற உருண்டை. காய் மணி கோத்தாற்போல விதைக்கு விதை இடுங்கியிருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல்போல் நீண்ட கதிர். காய் நீளமாக, வெளிர் மஞ்சளாகப் பழுத்து, மென்றால் இனிக்கும். உடை மரத்தின் தலை குடை விரித்தாற்போல் தட்டையாகப் படர்ந்திருக்கும். 1981ஆம் ஆண்டு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில் தமிழ்நாட்டுக் குளங்களில் பெருமளவில் நடப்பட்டது நாட்டுக் கருவேலமே. ஆடு தின்னும் காயையும், கலப்பைக்கும் வண்டிக்கும் வேண்டிய மரத்தையும் தருவது அது. அதை வெட்டிவிட்டு ஊருக்கு நன்மை செய்ததாக எண்ணுவது பரிதாபம்.

காற்றின் ஈரத்தைக் குடிக்கிறதா?

இதற்குப் புத்தகம் தேவையில்லை. நல்ல வெயில் நாளில், காலை 9 மணிக்கு, இலை நிறைந்த சீமைக்கருவேலக் கிளை நுனி ஒன்றை நிறமற்ற பாலிதீன் பைக்குள் விட்டு, வாயை நூலால் இறுகக் கட்டுங்கள். பக்கத்திலுள்ள வேம்பிலும் அவ்வாறே செய்யுங்கள். மூன்றாவது பையை ஒரு காய்ந்த குச்சியில் கட்டுங்கள். நண்பகலில் போய்ப் பார்த்தால் முதலிரண்டு பைகளின் உட்புறம் நீர்த்துளிகள் படிந்திருக்கும். காய்ந்த குச்சியின் பையில் அவ்வாறு இராது. வேர் எடுத்த நீரை இலை காற்றுக்கு விடுகிறது என்பதே இதன் பொருள். எல்லா மரமும் செய்வதையே இதுவும் செய்கிறது. மழை குறைந்ததற்கு இம்மரத்தின்மேல் பழிபோட இடமில்லை.

"பிராண வாயுவே விடாது, கரியமில வாயுவைத்தான் விடும்" என்ற கூற்றும் இத்தகையதே. பச்சை இலையுள்ள எந்த மரமும் பகலில் கரியமில வாயுவை எடுத்துப் பிராண வாயுவை விடும். இரவும் பகலும் சுவாசிக்கும். சீமைக்கருவேலத்திற்கென்று தனிச் சட்டம் கிடையாது.

175 அடி வேர்

நிலத்தடி நீரைப் பற்றிய கூற்றைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். "இதன் வேர் 175 அடி போகும்" என்று மேடைகளில் பேசக் கேட்டிருப்பீர்கள். இந்த எண் கற்பனையல்ல. அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தின் டூசான் நகருக்கு அருகே ஒரு திறந்தவெளிச் சுரங்கத்தைத் தோண்டியபோது, ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் இந்த இனத்தைச் சேர்ந்த மரத்தின் வேர் காணப்பட்டது. 1963இல் அச்செய்தி வெளியாயிற்று. பாலைவனத்தில் ஒரு சுரங்கத்தில் ஒருமுறை கண்ட ஆழத்தைச் சாத்தான்குளத்துப் புதருக்கெல்லாம் பொருத்திச் சொல்வதே பிழை. எண் சரி, இடம் தவறு. செய்திகள் கெட்டுப் போவது பெரும்பாலும் இப்படித்தான். முழுப் பொய்யைவிட இடம் மாறிய உண்மையைக் கண்டுபிடிப்பது கடினம்.

அப்படியானால் இம்மரம் தண்ணீர் எடுப்பதில்லையா? எடுக்கிறது. எத்தியோப்பியாவின் அபார் பகுதியில் அளந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், மரம் ஒன்று நாளொன்றுக்குச் சராசரியாக 7 லிட்டர் நீர் எடுப்பதாகக் கண்டனர். ஓர் ஏக்கரில் 400 மரம் நின்றால், அந்தச் சராசரிப்படி நாளொன்றுக்கு 2,800 லிட்டர் ஆகும். மண்ணும் மழையும் வேறாதலால் அக்கணக்கை இங்கு அப்படியே கொண்டுவந்துவிட முடியாது. ஆயினும் கோடையிலும் இலை உதிராமல், கேட்பாரற்றுப் பெருகி நிற்கும் அடர்ந்த புதர் நீரைச் செலவழிக்கும் என்பதில் ஐயமில்லை.

இங்கே இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது. சொட்டு நீரில் வாழைக்குப் பரிந்துரைக்கப்படும் அளவு, மரம் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டரில் தொடங்கித் தார் விட்டபின் 25 லிட்டர் வரை செல்கிறது. வாழையை யாரும் நீர்த் திருடன் என்று சொல்வதில்லை, தார் தருகிறது. சீமைக்கருவேலத்தின் குற்றம் நீர் எடுப்பது மட்டுமன்று. நாம் பயிரிடாத இடத்தில், நாம் அளக்காத நீரை எடுத்து, புல்லையும் பிற கன்றுகளையும் வளரவிடாமல் இடத்தைப் பிடித்துக்கொள்வதே அதன் குற்றம். கிணறு வற்றியதற்கு மரத்தை மட்டும் காரணமாக்கினால், தூர்ந்த வரத்துக்காலும் பக்கத்து ஆழ்துளைக் கிணறும் கணக்கிலிருந்து தப்பிவிடும்.

பசு மலடாகிறதா?

எல்லாக் கூற்றுகளிலும் அதிகத் தீங்கு செய்வது இதுவே. மர நிழலில் கட்டுவதால் பசு மலடாவதில்லை. சினை பிடிக்காததற்குத் தாது உப்புக் குறைவு, சினைப்பருவத்தைத் தவறவிடுதல், கருப்பை நோய் எனப் பல காரணங்கள் உண்டு. கன்று வீசுதல் நேர்ந்தால் அது கன்றுவீச்சு நோயாகவும் இருக்கலாம். அந்நோய் பாலைக் காய்ச்சாமல் குடிப்பவருக்கும், வீசிய கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் எடுப்பவருக்கும் தொற்றக்கூடியது. மரத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டு மாட்டை வேறு மரத்தடிக்கு மாற்றிக் கட்டியவர், கால்நடை மருத்துவரை அழைக்க மாட்டார். தொழுவிலுள்ள மற்ற மாடுகளுக்கும் வீட்டாருக்கும் ஆபத்து வருவது அங்கேதான்.

இக்கூற்றின் அடியிலும் ஒரு சிறு உண்மை இல்லாமலில்லை. வேறு தீவனமின்றி நெடுநாள் இதன் காயை மட்டுமே தின்ற மாடுகளுக்குத் தாடைத் தசை செயலிழந்து, மெல்ல இயலாமல் போவதுண்டு. காயை உலர்த்தி, விதையும் நொறுங்கும்படி அரைத்து, கலப்புத் தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேர்த்தால் கெடுதல் இல்லை. விதை நொறுங்குவதால் சாணத்தின் மூலம் மரம் பரவுவதும் தடைப்படும்.

நாம் விரும்பும் மரத்துக்கும் இதே சோதனை

பகை மரத்தைப் பற்றிய பொய்யை மட்டும் திருத்திவிட்டு, நட்பு மரத்தைப் பற்றிய பொய்யை விட்டுவிடுதல் முறையாகாது. நம் ஊரில் பனையைப் புகழ்வது எளிது, திருத்துவது கடினம். கருப்பட்டியை நீரிழிவு உள்ளவர் தாராளமாகச் சாப்பிடலாம் என்கிறார்கள். கருப்பட்டியிலும் பெரும்பகுதி சர்க்கரையே. நீரிழிவு நோயாளிக்கு அது வெல்லத்தைப் போன்றதே. விதையைப் பார்த்தே ஆண் பனை, பெண் பனை பிரித்துத் தருவதாகச் சொல்பவரும் உண்டு. பாளை விடும்வரை, அதாவது 12 ஆண்டுகளுக்கு மேல், பனையில் ஆண் பெண் கண்டறிய இயலாது. அவ்வாறு விலை சொல்லி விற்கும் விதையை வாங்காதீர்கள். பனையின் பெருமை இவ்விரண்டு பொய்யும் இல்லாமலே நிற்கும்.

திருத்திச் சொல்லும் முறை

முதலில், அவர் கண்ணால் கண்டதையும் காதால் கேட்டதையும் பிரித்துக்கொள்ள வேண்டும். "இம்மரத்தடியில் எதுவும் முளைக்கவில்லை" என்று ஒரு முதியவர் சொன்னால் அது அவர் கண்டது. அதை மறுக்கக் கூடாது. நிழலும் நீர்ப்போட்டியும் உதிர்ந்த இலைச்சத்தும் சேர்ந்து முளைப்பைத் தடுப்பது உண்மையே. "மாடு மலடாகும்" என்பது அவர் கேட்டது. அதை மட்டும் எடுத்துப் பேச வேண்டும். "அண்ணாச்சி, அடியில ஒண்ணும் முளைக்காதுன்னு நீங்க சொன்னதை நானும் பார்த்திருக்கேன். மாட்டு விஷயத்தை மட்டும் டாக்டர்ட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுவோமா?" என்றால் அவர் கேட்பார். பலர் முன்னிலையில் "எல்லாம் தப்பு" என்றால், தம் கண்ணால் கண்டதும் தப்பா என்று அவருக்குக் கோபமே வரும்.

எல்லாப் பிழைக்கும் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. காமராசர் ஆட்சியில்தான் விமானத்திலிருந்து விதை தூவி இம்மரத்தைக் கொண்டுவந்தனர் என்பார்கள். ஜமைக்காவிலிருந்து விதை தருவித்து 1877இலேயே கடப்பைப் பகுதியில் இம்மரம் நடப்பட்டுவிட்டது. கேட்டால் சொல்லலாம். அதைச் சொல்லாமல் விட்டால் எவர் தோட்டமும் கெடப்போவதில்லை.

ஆனால் கிராம சபைத் தீர்மானத்திலோ மனுவிலோ தவறான வாசகம் ஏறுமானால், அங்கேயே எழுந்து திருத்த வேண்டும். எழுத்தில் ஏறிய பிழைக்குப் பொக்லைன் வந்துவிடும். 2017ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவுகளையொட்டித் தென் மாவட்டங்களில் வேகமாக மரம் அகற்றும் பணி நடந்தது. அதே ஆண்டில் சென்னையில் முதல் அமர்வு அப்பணிக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2022இல் அயல் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையைத் தமிழ்நாடு அரசு வெளியிட்டது. அகற்றுவதோடு நில்லாமல், அகற்றிய இடத்தில் எதை வளர்ப்பது என்பதையும் பேசும் கொள்கை அது. நம் தீர்மானமும் அவ்வாறே இருக்க வேண்டும்: எந்தக் குளம், எந்தப் புல எண், எத்தனை ஏக்கர், எந்த மரம் விலக்கு, பின்பு நடப்போவது என்ன என்று எழுதுங்கள். கரிமூட்டம் போட்டும் விறகு வெட்டியும் பிழைக்கும் நிலமற்ற குடும்பங்களிடம் வெட்டும் வேலையைக் கொடுப்பதையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.

திருத்த வந்தவரும் மிகைப்படுத்தக் கூடாது. "இம்மரம் ஒரு கெடுதலும் செய்யாது" என்று எதிர்ப்பக்கம் ஓடுபவரும் அதே அளவு தவறு செய்கிறார்.

அகற்றுவோர் கவனத்திற்கு

நிலமட்டத்தில் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் வெடித்து, ஒரு மரம் புதராகிவிடும். மண்ணுக்குக் கீழே ஓர் அடி ஆழம்வரை தோண்டி வேர்க்கழுத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். அதற்குக் கீழுள்ள வேரைத் தேடிப் பணத்தைச் செலவிட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் இளகியிருக்கும்போது கூலி குறையும். தேரி மணலில் முழுப் பரப்பையும் ஒரே தடவையில் மொட்டையாக்காதீர்கள். ஆனி, ஆடிக் காற்று மணலை அள்ளிப் பக்கத்துத் தோட்டத்தில் கொட்டிவிடும். பட்டைபட்டையாக அகற்றி, அந்த மழையிலேயே உடை, முந்திரி, பனை இவற்றை நடுங்கள். மண்ணில் தங்கிய விதை சில ஆண்டுகள் வரை முளைக்கும். ஆதலால் ஒவ்வொரு மார்கழியிலும் ஒருமுறை நடந்து பார்த்து, ஒரு சாண் உயரமுள்ள கன்றுகளைக் கையாலேயே பிடுங்கிவிடுங்கள்.